ஒரே உருவம், இரண்டு எண்கள்

கொழும்பு தேசிய நூதனசாலையில் மும்மொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயுடன் தொடர்புடைய அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் அதில் உள்ளன. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவரது பிறப்புக் குடும்பப்பெயர் 'மா'. சீன முஸ்லிம்களிடையே இன்றும் பரவலாக வழங்கும் அப்பெயரின் எழுத்துக்குக் 'குதிரை' என்று பொருள். சீன எழுத்துகள் கணினியில் எவ்வாறு பதியப்படுகின்றன என்று நான் கற்றதை இந்த ஓர் எழுத்தைக் கொண்டே விளக்குகிறேன்.

சீன மொழியில் நம்முடையதைப் போன்ற அரிச்சுவடி இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளை அகராதியில் எப்படி வரிசைப்படுத்துவது? இதற்காக எழுத்துகளுக்குள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைத் தலைப்புகளாகக் கொண்டார்கள். அவற்றை 'வேருறுப்பு' என்று அழைப்போம். ஆறு, கடல், ஏரி ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளைப் பாருங்கள். மூன்றின் இடப்பக்கத்திலும் நீரைக் குறிக்கும் மூன்று சிறு கீற்றுகள் இருக்கும். 1716இல் நிறைவுபெற்ற காங்சி அகராதி 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகளை 214 வேருறுப்புகளின் கீழ் அடுக்கியது. அதில் நீர் 85ஆவது, குதிரை 187ஆவது.

கணினிக்கு உருவம் தெரியாது, எண்தான் தெரியும். ஒருங்குறி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைப் பதினறும எண்ணில் எழுதுவதே வழக்கம். இங்கே எளிமைக்காகத் தசமத்தில் தருகிறேன். குதிரை என்ற பழைய மரபெழுத்தின் எண் 39340. ஆனால் அதே உருவம் அகராதியின் தலைப்புக் குறியாகவும் பயன்படுகிறது அல்லவா? அந்த வேலைக்கென்று 1999இல் வெளிவந்த ஒருங்குறி 3.0 பதிப்பில் 214 வேருறுப்புகளுக்கும் 12032 முதல் 12245 வரை தனி எண்கள் வழங்கப்பட்டன. இதன்படி வேருறுப்பான குதிரையின் எண் 12218.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பீடிஎப் கோப்பிலிருந்து சீன எழுத்துகளைப் பிரதி செய்யும்போது, சில வேளைகளில் சாதாரண எழுத்துக்குப் பதிலாக வேருறுப்பின் எண் வந்துவிடுகிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒரு பெயர்ப்பட்டியலில் 'மா' இவ்வாறு 12218 ஆகப் பதிந்திருந்தால், 39340ஐக் கொண்டு தேடுபவருக்கு 'இல்லை' என்ற விடையே கிடைக்கலாம். பெயர் திரையில் இருக்கும், ஆனால் அகப்படாது.

இதற்குப் பரிகாரமும் உண்டு. 12218ஐ 39340க்கு நிகராகக் கொள்ளலாம் என ஒருங்குறியே குறித்து வைத்துள்ளது. நல்ல தேடல் மென்பொருள்கள் ஒப்பிடுமுன் அவ்வாறு மாற்றிக்கொள்ளும். ஆயினும் எல்லா வடிவங்களுக்கும் அந்த வசதி இல்லை. மூன்று கீற்று நீருறுப்புக்கு வேருறுப்பு என்ற வகையில் 11937 என்னும் எண் உண்டு. அதற்கு அத்தகைய நிகர் குறிக்கப்படவில்லை. அரபு எழுத்து 'பா' சொல்லின் முதல், இடை, கடை என உருவம் மாறினாலும், வழக்கமாக ஒரே எண்ணால் எழுதப்படுகிறது. ஏற்ற உருவத்தை எழுத்துரு தேர்ந்துகொள்கிறது. சீன நீருக்கோ முழு வடிவத்துக்கு ஓர் எண், பக்க வடிவத்துக்கு வேறோர் எண்.

ஆகவே விதி இதுதான்: வேருறுப்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேருறுப்பின் எண், சொல்லிலும் பெயரிலும் சாதாரண எழுத்தின் எண்.

தோழியரே, இது சீனருக்கு மட்டும் உரிய சிக்கலன்று. பௌசியா, மௌலவி என்று எழுதும்போது ஔகாரக் குறியை ஒரே விசையில் இடவேண்டும். அதன் எண் 3020. பலர் எகரக் கொம்பை இட்டு, அடுத்து 'ள' எழுத்தைச் சேர்க்கிறார்கள். அந்த 'ள'வின் எண் 2995. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். வீட்டில் பெற்றோருடன் அமர்ந்து ஒரே பெயரை இரு விதமாகவும் தட்டச்சுச் செய்து, ஒன்றைக் கொண்டு மற்றதைத் தேடிப் பாருங்கள். பிள்ளைகளின் பெயரை இணையவழி விண்ணப்பங்களில் பதியும்போது எந்த விசையை அழுத்துகிறோம் என்பதையும் கவனியுங்கள்.