நிறுவுதலும் அழைத்தலும்

புள்ளிவிவரங்களை ஆராயப் பயன்படும் நிரல்மொழிகளுள் ‘ஆர்’ ஒன்றாகும். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினர். இம்மொழிக்காக உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் எழுதிய ஆயிரக்கணக்கான கூடுதல் தொகுப்புகள் ‘கிரான்’ என்னும் இணையக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

புள்ளிவிவரங்களை வரைபடமாகக் காட்டும் ‘ஜிஜிபிளாட்2’ அவற்றுள் ஒன்று. அதைப் பயன்படுத்த இரண்டு படிகள் உள்ளன. முதலில், ‘இன்ஸ்டால்.பேக்கேஜஸ்’ என்னும் கட்டளையால் இணையத்தின்வழி அதைக் கணினியில் நிறுவ வேண்டும். பிறகு, ‘லைப்ரரி’ என்னும் கட்டளையால் அதை அழைக்க வேண்டும். நிறுவுதல் பொதுவாக ஒருமுறை போதும். அழைத்தலோ, ‘ஆர்’ மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தேவை. புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைப்பது நிறுவுதல் என்றால், படிப்பதற்கு அதை எடுத்து மேசையில் விரிப்பது அழைத்தல் எனலாம்.

புதிதாகக் கற்போர் பலர் இரண்டாம் படியை மறந்துவிடுகின்றனர். நேற்று இயங்கிய நிரல் இன்று பிழைச்செய்தி காட்டியதும், தொகுப்பே தொலைந்துவிட்டதாக எண்ணி மீண்டும் நிறுவுகின்றனர். உண்மையில் தொகுப்பு கணினியிலேயே இருக்கிறது. அதை அழைத்தால் போதும்.

குழுவாகத் திட்டப்பணி செய்யும்போது இன்னும் கவனம் தேவை. ஒருவர் நிறுவிய தொகுப்பு மற்றவர் கணினியில் இருக்காது. எனவே, தேவையான தொகுப்புகளை அழைக்கும் கட்டளைகளை நிரலின் தொடக்கத்திலேயே எழுதுவது நல்லது. அவற்றைப் பார்த்தவுடன், எவற்றை நிறுவ வேண்டும் என்பது குழுவினர் அனைவருக்கும் விளங்கிவிடும்.