பிள்ளைகளுக்குக் கால் சுத்தம் பழக்குவோம்



காலையில் பிள்ளைக்கு முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்து பாடசாலைக்கு அனுப்புகிறோம். சாப்பிடும் முன் கை கழுவச் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காலை நாம் குனிந்து பார்ப்பது எப்போது? முள் குத்தி அழும்போதுதான். சேற்றிலும் கானிலும் படிக்கட்டிலும் நாள் முழுக்க மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்தக் கால்தான். அதனால் இந்த முறை பாடம் காலைப் பற்றியது.

கால் வழியாக என்ன வருகிறது?

முதலாவது, கொளுக்கிப்புழு. இந்தப் புழு வயிற்றில் உள்ளவர் வெளியில் மலம் கழித்தால், அதில் உள்ள முட்டைகள் ஈரமான, நிழலான மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். ஐந்து முதல் பத்து நாளில் கண்ணுக்குத் தெரியாத குட்டிப்புழு தோலைத் துளைக்கும் பருவத்துக்கு வந்துவிடும். வெறுங்கால் அந்த மண்ணில் பட்டால் போதும். தோலுக்குள் நுழைந்து, இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு குடலைச் சேரும். அங்கே குடலைக் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் இரத்தம் குடிக்கும். புழு நுழைந்த இடத்தில் சில நாளைக்கு அரிப்பு இருக்கும். பிள்ளை சொறியும், நாமும் "கொசு கடிச்சிருக்கும்" என்று விட்டுவிடுவோம்.

நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகைப் புழு ஒன்று ஒரு நாளில் குடிப்பது ஒரு துளிக்கும் குறைவுதான். ஆனால் நூறு புழு இருந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 மில்லிலீற்றர் போகும். ஒரு மாதத்தில் அது அரைக் கோப்பை தேத்தண்ணி அளவு இரத்தம். வளரும் பிள்ளைக்கு இது சின்ன இழப்பா? வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை, மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும் பிள்ளை, உதடும் நகமும் வெளுத்த பிள்ளை, "சோம்பேறி" என்று திட்டு வாங்கும் பிள்ளை எல்லாம் சோம்பேறிகள் அல்ல. இரத்தம் குறைந்த பிள்ளைகளாக இருக்கலாம். பெண் பிள்ளை இப்படியே வளர்ந்து தாயானால், அவளுக்கும் வயிற்றில் உள்ள குழந்தைக்கும் ஆபத்து.

இரண்டாவது, சேற்றுப்புண். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, நாற்றமும் அரிப்பும் வரும். பெரும்பாலும் சுண்டு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும். இது ஒரு பூஞ்சணம். ஒரே துவாயில் எல்லாரும் கால் துடைத்தால் வீட்டில் எல்லாருக்கும் பரவும்.

மூன்றாவது, காயம். வெட்டிய தேயிலைக் குச்சி, தகரம், போத்தல் ஓடு, துருப்பிடித்த ஆணி எல்லாம் நம் பாதைகளில் கிடக்கின்றன. ஏற்பு வலியை உண்டாக்கும் கிருமி மண்ணிலும் சாணியிலும் வாழ்வது. சின்னக் குத்துக் காயம் வழியாகவும் அது உள்ளே போகும்.

நான்காவது, அட்டைக்கடி. அட்டை கடித்தால் அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. அதனால்தான் நீண்ட நேரம் ஒழுகுகிறது. கடியை விட, பிறகு அழுக்கு நகத்தால் சொறிந்து வரும் புண்தான் பிள்ளைகளைப் பாடுபடுத்துகிறது.

"நாங்க வெறுங்காலோட வளந்தவங்கதானே?"

இந்தப் பேச்சை எல்லா லயத்திலும் கேட்கலாம். "எங்களுக்கு என்னா ஆச்சு?" என்றும் கேட்பார்கள். ஆனதைச் சொல்கிறோம். 1916ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழுவுக்கு எதிரான வேலை தொடங்கியது. அப்போது சோதித்த தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இந்தப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் இல்லாத இடங்களில் மக்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்ததால் புழு திரும்பவும் வந்தது. மருந்து மட்டும் போதாது, மண்ணும் காலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர்களின் உடம்பில் படித்த பாடம்.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மழையும் வெப்பமும் சேர்ந்த இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தப் புழு வாழ வசதி அதிகம். நுவரெலியா போன்ற குளிர்ந்த மேல்மலைகளில் குறைவு. ஆனால் அங்கே சேற்றுப்புண்ணும் ஈர மேசும் தொல்லை. ஆகவே எந்த மலையில் இருந்தாலும் பாடம் ஒன்றுதான்.

ஒரு செம்புத் தண்ணி போதும்

"பீலியில ஒரு வாளி தண்ணி பிடிக்கவே வரிசையில நிக்கிறோம், காலுக்கு வேற தண்ணியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கால் கழுவ வாளி நிறையத் தண்ணீர் வேண்டாம். ஒரு செம்பும், ஒரு துண்டு சவர்க்காரமும், ஒரு பழைய துணியும் போதும். பாத்திரம் அலசிய எண்ணெய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

1. வாசலில் ஒரு கல்லில் பிள்ளையை உட்கார வையுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவுங்கள்.

2. சவர்க்காரம் பூசி உள்ளங்கால், குதிகால், கணுக்கால் என்று தேய்க்கச் சொல்லுங்கள்.

3. விரலிடுக்குகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு காலில் நாலு, இரண்டு காலிலும் எட்டு. எட்டையும் விரல் விட்டுத் தேய்த்தால்தான் கணக்கு முடியும்.

4. மிச்சத் தண்ணீரை ஊற்றி அலசுங்கள்.

5. எட்டு இடுக்கையும் துணியால் ஒற்றித் துடையுங்கள். கழுவுவதை விட இது முக்கியம். ஈரத்தோடு விட்டால் கழுவியும் பயனில்லை.

ஒவ்வொருவருக்கும் தனித் துணி இருந்தால் நல்லது. பழைய சீலையைக் கிழித்து ஆளுக்கு ஒன்று வைக்கலாம். துணியைத் துவைத்து வெயிலில் போடுங்கள். குதிகால் வெடித்திருந்தால் இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் எண்ணெய் தடவ வேண்டாம், ஈரம் அங்கேயே நிற்கும்.

வயதுக்கு ஏற்ற மாதிரி

மூன்று வயது வரை நாம்தான் கழுவ வேண்டும். ஆனால் செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நாலைந்து வயதில் பிள்ளையே தேய்க்கட்டும், நாம் எண்ணுவோம். ஏழு வயதுக்கு மேல் தானாகச் செய்யும், நாம் பார்த்தால் போதும். பத்து வயதுப் பிள்ளையிடம் தம்பி தங்கச்சியின் காலைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கிற பிள்ளை தான் மறக்காது.

நேரம் மாறாமல் இருக்கட்டும். விளையாடி முடித்து வீட்டுக்குள் வரும்போது ஒரு தரம், படுக்கும் முன் பார்ப்பது ஒரு தரம். அம்மா கொழுந்து நிறுத்து வீடு வர மாலையாகிவிடும். ஆகவே இது அம்மாவின் வேலை மட்டும் அல்ல. முதலில் வீட்டுக்கு வருகிற அப்பா செய்யலாம், அப்பாயி செய்யலாம். பிள்ளை மடுவத்திலும் இதே எட்டுக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும்படி பொறுப்பாளரிடம் கேளுங்கள். வீட்டில் ஒன்று, மடுவத்தில் ஒன்று என்று இருந்தால் பிள்ளை குழம்பும்.

"கால் கழுவலைன்னா பூச்சாண்டி வருவான்" என்று பயமுறுத்த வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். பயத்தில் கழுவுகிற பிள்ளை நாம் இல்லாத நேரத்தில் கழுவாது. "இன்னைக்கு எட்டும் சரியா இருக்கே!" என்ற ஒரு வார்த்தை போதும். இன்னொன்று: மலையிலிருந்து வரும் நாமும் பிள்ளைக்கு முன்னால் காலைக் கழுவ வேண்டும். பிள்ளை நம் வாயைப் பார்ப்பதில்லை, நம் காலைத்தான் பார்க்கிறது.

கிழமைக்கு ஒரு நாள் நகம் வெட்டுங்கள். கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும்.

பாட்டா, சப்பாத்து, மேசு

கக்கூசுக்குப் போகும்போது பாட்டா கட்டாயம். வாசலில் பிள்ளை எடுக்கும் இடத்திலேயே அது இருக்கட்டும். மழையில் செங்குத்தான பாதையில் பாட்டா வழுக்கும் என்று பிள்ளைகள் கையில் தூக்கிக்கொண்டு வருவதுண்டு. விழுந்து அடிபடுவதை விட அது மேல்தான். ஆனால் வீடு வந்ததும் உடனே கால் கழுவ வேண்டும். அடி தேய்ந்த பாட்டாதான் அதிகம் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாடசாலைச் சப்பாத்து நனைந்து வந்தால், நாடாவைத் தளர்த்தி, பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டி உள்ளே திணித்து வையுங்கள். தாள் ஈரத்தை இழுக்கும். படுக்கும் முன் ஒரு தரம் தாளை மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் சப்பாத்து வெடிக்கும், நெருப்பும் பிடிக்கலாம். கொஞ்சம் தள்ளி வையுங்கள். மேசு இரண்டு சோடி இருந்தால் ஒன்று காயும்போது ஒன்று போடலாம். ஈர மேசைப் போட்டு அனுப்புவதை விட, மேசு காயாத அன்று நிலைமையை ஆசிரியருக்குச் சொல்லி அனுப்புவது நல்லது.

காயம் பட்டால்

ஓடும் சுத்தத் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். சாணி, மண், சாம்பல், மண்ணெண்ணெய், தேயிலைத் தூள் எதையும் அப்பாதீர்கள். அட்டையைப் பிடித்து இழுக்காமல், அதன் மெல்லிய முனைப் பக்கம் நகத்தை வைத்துத் தள்ளி விடுங்கள். பிறகு கழுவி, துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

ஆணி ஆழமாகக் குத்தினால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்கள், பிள்ளையின் கிளினிக் கார்டையும் கொண்டு போங்கள். 2, 4, 6 மாதத்திலும், 18 மாதத்திலும், 5 வயதிலும் போடும் ஊசிகளில் ஏற்புக்கான தடுப்பும் இருக்கிறது. தவறிய ஊசி இருந்தால் கேட்டுப் போடுங்கள். கால் வீங்கிச் சூடாக இருந்தாலும், சீழ் வைத்தாலும், தொடையில் நெறி கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை வெளுத்துச் சோர்ந்து போனால் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். பூச்சி மருந்தைக் குடும்ப நல மாதுவிடமோ வைத்தியரிடமோ கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் கொடுங்கள். கீரை, நெத்தலி, பருப்பு சாப்பாட்டில் சேரட்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். தேயிலைச் சாயம் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதுமா?

போதாது. கடைசிக் காம்பராப் பிள்ளை கானில் மலம் கழித்தால், முதல் காம்பராப் பிள்ளையின் காலில் புழு ஏறும். சின்னப் பிள்ளைகளின் மலத்தையும் அள்ளி கக்கூசில் போடுங்கள். "குழந்தை மலம்தானே" என்று விட வேண்டாம். கக்கூஸ் உடைந்திருந்தாலும், தண்ணீர் வராவிட்டாலும், கதவு இல்லாவிட்டாலும், லயத்தார் எல்லாரும் சேர்ந்து தோட்ட நிர்வாகத்திடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் எழுத்தில் கொடுங்கள். கேட்பது சலுகை அல்ல, பிள்ளைகளின் இரத்தத்தைக் காப்பதற்கான வழி.

இந்தக் கிழமை வீட்டுப் பாடம்

ஏழு நாளும் மாலையில் எட்டு இடுக்கையும் எண்ணித் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணிய நாளுக்கு ஒரு கோடு என்று சுவரில் கரித்துண்டால் பிள்ளையையே போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள்: புழு எந்த வழியாக உள்ளே போகும்? காலைக் கழுவிய பிறகு என்ன செய்ய வேண்டும்? கக்கூசுக்குப் போகும்போது காலில் என்ன இருக்க வேண்டும்?

மூன்றுக்கும் பிள்ளை பதில் சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது. நாம் கேட்காமலே செம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் மீதியும் முடிந்தது.