டெரெக் வால்காட்: ஒரு தீவின் புலவர்

கரீபியக் கடலில் ஸெயின்ட் லூஷியா என்னும் சிறு தீவொன்று உளது. அதன் நீளம் ஏறக்குறைய 27 மைல். அகலம் 14 மைல். பிரெஞ்சுக்காரர்க்கும் ஆங்கிலேயர்க்குமிடையே பன்முறை கைமாறிய அத்தீவு, 1814-ல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கரும்புத் தோட்டங்களில் உழைக்கும்பொருட்டு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக அங்குக் கொணரப்பட்டனர். அவருட் பெரும்பாலோருடைய பெயரும் ஊரும் ஏட்டிலேறாது மறைந்தன. இத்தகையோர்க்கும் சரித்திரம் உண்டோ? இவ்வினாவிற்கு வாழ்நாளெல்லாம் விடை தேடியவரே டெரெக் வால்காட்.

இவர் 1930-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் காஸ்ட்ரீஸ் நகரில் இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தார். ஓவியம் வல்ல தந்தையார் இவரது குழவிப் பருவத்திலேயே காலஞ்சென்றார். ஆசிரியையாகிய தாயார் வளர்த்தனர். கத்தோலிக்கர் மிக்க அத்தீவில் இவர் குடும்பம் மெதடிஸ்டுச் சபையைச் சார்ந்தது. பதினான்காம் வயதில் இவரியற்றிய செய்யுளொன்று பத்திரிகையில் வெளிவர, குருவானவரொருவர் அதனைத் தெய்வநிந்தனையெனக் கண்டித்தார். சிறுவரோ எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை. 1948-ல் தாயார் அளித்த இருநூறு டாலரைக்கொண்டு முதல் நூலை அச்சிட்டுத் தாமே விற்று, அப்பொருளை மீட்டனர்.

இவருடைய பாட்டன்மார் இருவரும் வெள்ளையர். பாட்டியர் அடிமைகளின் வழிவந்தோர். ஆகவே, ஆண்டவர் உதிரமும் ஆட்பட்டவர் உதிரமும் இவருள் ஒருங்கே ஓடின. ஆங்கில ஆட்சியின் கொடுமையை வெறுத்த இவர், ஆங்கில மொழியை விட்டொழிக்க மனங்கொண்டிலர். ஆப்பிரிக்காவைப் பற்றிய இவரது புகழ்பெற்ற கவியில் இம்மனப்போராட்டம் தீர்வின்றியே நிற்கின்றது. தீராததைத் தீர்ந்ததாகக் காட்டாமையே அக்கவியின் வாய்மை.

‘கடலே சரித்திரம்’ எனப் பொருள்படும் தலைப்புடைய கவி நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. ஆதியாகமம், யாத்திராகமம், பாபிலோன் சிறையிருப்பு என்னும் வேத வரலாற்றின் படிகளோடு அடிமைகளின் துயரை இவர் ஒப்பிடுகின்றார். கடலடியில் கிடக்கும் எலும்புகளே அம்மக்களின் நினைவுச் சின்னங்கள். விடுதலையை முடிவாகக் கொள்ளாது, சரித்திரத்தின் தொடக்கத்தையே கவியின் இறுதியில் வைக்கின்றார்.

1990-ல் வெளிவந்த ‘ஒமெரோஸ்’ என்னும் பெருங்காவியத்தின் பெயர், ஹோமரின் கிரேக்கப் பெயராகும். அக்கீலும் ஹெக்டரும் இங்கு ஏழை மீன்பிடிப்போர், ஹெலனோ பணிப்பெண். வலைவீசுவோர்க்கும் காவியத் தகுதியுண்டென இவர் நாட்டினார்.

1992-ல் நோபல் பரிசு பெற்றபோது, டிரினிடாடிலுள்ள பெலிஸிட்டி என்னும் சிற்றூரில் இந்தியக் கூலியாட்களின் வழித்தோன்றல்கள் நிகழ்த்திய இராமலீலையைக் கூறியே தம் சொற்பொழிவைத் தொடங்கினார். அதனை வெறும் நாடகமெனத் தாம் எண்ணியதையும், அவர்கள் நடிப்போரல்லர், விசுவாசிகள் என உணர்ந்ததையும் மறையாது ஒப்புக்கொண்டார். பிறர் பக்தியைத் தவறாகக் கணித்தோமென அவ்வுயர்ந்த மேடையில் அறிக்கையிடுதல் எளிதோ?

2017-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ல் தம் தீவிலேயே இவர் உயிர்நீத்தார். சிறு நிலமும் பெருங்கவிக்கு இடமாகும் என்பதை இவர் வாழ்வால் அறிகின்றோம். அந்நிய மொழியையும் தாய்நிலத்தையும் ஒருங்கே நேசிக்கும் மாணாக்கர் இவர் நூல்களை ஊன்றிக் கற்பாராக.