எதோடு ஒப்பிடுகிறாய், தங்கச்சி?

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெங்களூரில் வேலையில் சேர்ந்துவிட்டாய், கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு சொட்டுநீர்ப் பாசனத் திட்டத்தின் தரவுதான் முதல் பணி என்று உன் அப்பா சொன்னார். வெளிநாட்டு நிதியில் நடக்கும் சுற்றுச்சூழல் திட்டங்கள் சொன்னதைச் செய்தனவா என்று எண்களை வைத்துச் சொல்லும் வேலை. நம் ஊர்ப் பக்கம் இப்படியொரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. நான் இதில் தெரிந்துகொண்டதை உனக்கும், உனக்குப் பின்னால் தேனியிலிருந்தும் போடியிலிருந்தும் இந்த வேலைக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மென்பொருள் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். திட்டம் வந்த இடத்தில் என்ன நடந்தது என்பது தரவில் இருக்கும். திட்டம் வராமலே போயிருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்பது எந்தத் தரவிலும் இருக்காது. உனக்குச் சம்பளம் கொடுப்பது அந்த இரண்டாவதைத் தேடிப் பிடிக்கத்தான்.

ஆப்பிரிக்காவைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு நம் வீரபாண்டியையே எடுத்துக்கொள். நைரோபியில் உன்னைப் போல ஒரு பெண் உட்கார்ந்து, கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த ஏதோ ஒரு பாசனத் திட்டத்தை மதிப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. லேண்ட்சாட் 1980-களிலிருந்து முப்பது மீட்டர் கட்டங்களில் தருகிறது. சென்டினல்-2 படங்கள் 2015 முதல் பத்து மீட்டர் கட்டங்களில் கிடைக்கின்றன. மழைக் கணக்கும் செயற்கைக்கோளிலிருந்தே எடுத்துக்கொள்கிறாள். பார்த்தால், இது மலைக்குக் கிழக்கே உள்ள மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவத்தில் பெரிதாக மழை இல்லை. ஆனால் ஜூன், ஜூலையில் ஆற்றின் இரு கரையிலும் பச்சை ஏறுகிறது. மழையில்லாமல் பச்சை ஏறினால் திட்டம்தானே காரணம்? அவளுடைய கணிப்பு மாதிரி அப்படித்தான் சொல்லும், அதுவும் நல்ல உறுதியோடு சொல்லும்.

உனக்கும் எனக்கும் தெரியும், அந்தப் பச்சை பெரியாறு அணைத் தண்ணீர் என்று. 1895-ல் திறந்த அணை. மேற்கே ஓட வேண்டிய தண்ணீரை மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். அணையில் 104 அடிக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் சுரங்கத்துக்குள் வராது. இருப்பு சரியாக இருந்தால் ஜூன் முதல் தேதி முதல்போகத்துக்குத் திறப்பார்கள். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் திறப்பை நம்பி நாற்றுப் பாவும். மழை தேக்கடிப் பக்கம் பெய்கிறது, நெல் வீரபாண்டிப் பக்கம் விளைகிறது. நைரோபிப் பெண் வீரபாண்டி மழையைக் கணக்கில் சேர்த்து எந்தப் பயனும் இல்லை. அவள் சேர்த்திருக்க வேண்டியது அணை நீர்மட்டம். தண்ணீர் திறக்கத் தாமதமான வருஷம் எது என்று அவளுக்குத் தெரியாததால், அந்த வருஷத்துத் தரிசைத் திட்டத்தின் தோல்வி என்றும், திறந்த வருஷத்துப் பச்சையைத் திட்டத்தின் வெற்றி என்றும் எழுதுவாள். கெட்ட எண்ணத்தால் அல்ல. அவளிடம் கொடுத்த கோப்பில் சுரங்கம் இல்லை.

உன் மேசையில் இருக்கும் ஆப்பிரிக்கக் கோப்பிலும் இப்படி ஏதோ ஒன்று இல்லாமல் இருக்கிறது. அதைத் தேடு. இந்த நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மடையைத் திறப்பது யார், எந்த வருஷம் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேள். நேரில் போக முடியாவிட்டால் போனில் கேள். சின்னமனூர் டீக்கடையில் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும் விஷயம், வருஷக்கணக்காகத் தொகுத்த தரவுத் தொகுப்பில் இருக்காது.

பச்சையைப் பற்றி இன்னொன்று. இந்திய வன ஆய்வு நிறுவனம் வனப்பரப்பு என்று கணக்கெடுப்பது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து சதவீதமாவது மர நிழல் விழும் இடங்களை எல்லாம். நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்று அது பார்ப்பதில்லை. நெல் நட்ட வயலில் தென்னை வைத்து ஆளானால், அந்தக் கணக்கில் அங்கே வனம் கூடியிருக்கும். ஒரு விவசாயி ஆள் கிடைக்காமல் நெல்லை விட்டுத் தென்னைக்குப் போனதை, காடு வளர்ப்புத் திட்டத்தின் பலன் என்று நீ எழுதிவிடக் கூடாது. வரைபடத்தில் பச்சை தெரிந்தால், மரத்தின் பெயர் தெரியும்வரை சந்தோஷப்படாதே.

இரவு வெளிச்சமும் அப்படித்தான். ஒரு பகுதி செழித்ததா என்று பார்க்க, இரவில் செயற்கைக்கோள் எடுக்கும் வெளிச்சப் படங்களைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வீரபாண்டியில் சித்திரைத் திருவிழா நடக்கும் நாட்களை நினைத்துப் பார். கௌமாரியம்மன் கோயிலைச் சுற்றி, ராட்டினமும் கடைகளும் விடிய விடிய எரியும் விளக்குமாக, தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிறவர்கள் ராத்திரி பகல் பாராமல் வந்துகொண்டே இருப்பார்கள். அந்த மாதச் சராசரியில் நம் ஊர் திடீரென்று பணக்கார ஊராகத் தெரியக்கூடும். உன் திட்டப் பகுதியில் எந்த மாதம் திருவிழா, எந்த மாதம் அறுவடை, எந்த மாதம் ஆட்கள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள் என்று ஒரு நாட்காட்டி போட்டுவிட்டு அப்புறம் கணிப்பொறியைத் திற.

இப்போது காற்றாலைக்கு வருகிறேன். நம் மாவட்டத்துப் பிள்ளை இந்தத் தொழிலில் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வழக்கு இது. ஆண்டிபட்டி, உத்தமபாளையம் வட்டாரங்களில் ஆடிக்காற்றில் சுழலும் அந்த இறக்கைகளைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். 1997-ல் உருவாகி 2005-ல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ ஒப்பந்தத்தில், சி.டி.எம். என்று எல்லோரும் சொல்லும் தூய வளர்ச்சி ஏற்பாடு ஒன்று இருந்தது. வளரும் நாட்டில் ஒரு திட்டம் கரியமில வாயுவைக் குறைத்தால், குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு கார்பன் கிரெடிட். அதைப் பணக்கார நாட்டு ஆலைகள் வாங்கிக்கொண்டு, அந்த அளவுக்குத் தாங்கள் புகை விடலாம். தமிழ்நாட்டுக் காற்றாலைகள் பல அதில் பதிவாயின.

குறைந்த டன்னைக் கணக்கிடுவது எளிது. மீட்டரில் ஓடிய மின்சாரத்தை, மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரி வெளியாகிறது என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண்ணை மத்திய மின்சார ஆணையம் 2006 முதல் வெளியிட்டு வருகிறது. மீட்டரில் தப்பு வராது, பெருக்கலிலும் வராது. ஆனால் அந்தக் காற்றாலை கிரெடிட் பணம் இல்லாமலும் எழுந்திருக்குமா என்ற கேள்வியை மீட்டரிடம் கேட்க முடியாது. கிரெடிட் வருமானம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது என்று காட்டிய காகிதங்களைத் தயாரித்தவர்கள், பதிவானால் லாபம் அடையப்போகிறவர்கள்.

ராஃபேல் கலெல் முதலான நான்கு பொருளியலாளர்கள் இந்தியக் காற்றாலைகளை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடினார்கள். 2021-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வை வாங்கிப் படி. யோசனை எளிமையானது. கிரெடிட் வாங்கிய காற்றாலை ஒவ்வொன்றையும் எடுத்து, அதைவிட மோசமான நிலைமையில் இருந்தும் கிரெடிட் இல்லாமலே கட்டப்பட்ட காற்றாலை உண்டா என்று பார்த்தார்கள். காற்று குறைவான இடத்தில் ஒருவர் தன் பணத்தில் கட்டியிருக்கிறார் என்றால், காற்று நன்றாக வீசும் இடத்தில் இருப்பவருக்குக் கிரெடிட் எதற்கு? இப்படிப் பார்த்ததில், கொடுத்த கிரெடிட்டில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய காற்றாலைகளுக்கே போயிருந்தது. இங்கே குறையாத கரிக்கு ஈடாக வேறெங்கோ ஓர் ஆலை புகை விட்டது. உலகத்தின் மொத்தக் கணக்கில் அது கூடுதல்.

காற்றாலை வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மின்சாரம் நல்ல மின்சாரம், நமக்கு இன்னும் வேண்டும். அதன் பெயரால் விற்ற கணக்குத்தான் பொய்த்தது.

இதே வழக்கில் ஒரு பொறியும் இருக்கிறது, கவனமாகப் பார். 2008-ல் டன்னுக்கு இருபது யூரோ வரை போன கிரெடிட் விலை, 2012 கடைசியில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. இந்தியாவில் 2011-12-ல் 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிய காற்றாலைகள் வந்தன; 2012-13-ல் அது 1,700 அளவுக்குச் சரிந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால், கிரெடிட் விழுந்தது, காற்றாலையும் விழுந்தது, ஆகவே கிரெடிட்தான் காற்றாலையைத் தாங்கியது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் 2012 ஏப்ரலில்தான் மத்திய அரசு காற்றாலைக்குக் கொடுத்துவந்த துரிதத் தேய்மானச் சலுகையை நிறுத்தியது. முதல் வருஷத்திலேயே முதலீட்டில் பெரும்பகுதியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள விட்ட சலுகை அது. கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்கள் ஏன் காற்றாலை வைத்தார்கள் என்று அவர்களுடைய ஆடிட்டரைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார். 2014-ல் சலுகை திரும்பி வந்தது. 2016-17-ல், அடுத்த ஏப்ரலில் சலுகை பாதியாகப் போகிறது என்ற அவசரத்தில், சுமார் 5,500 மெகாவாட் எழுந்தது. அப்போது கிரெடிட் விலை தரையில்தான் கிடந்தது. உன் தரவில் இரண்டு கோடுகள் சேர்ந்து விழுந்தால், அந்த வருஷத்து வரி அறிவிப்புகளை எடுத்துப் படித்துவிட்டு அப்புறம் முடிவு சொல்.

அடுத்த வழக்கு மலைமேல். கூடலூர் தாண்டி ஏறினால் கேரளத்துக் குமுளி. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996 முதல் 2004 வரை இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் கொடுத்த பணம், நாடு முழுக்க ஏழு சரணாலயங்கள். அவற்றில் பெரியாறுதான் நன்றாக நடந்தது என்பது பரவலான முடிவு, எனக்கும் அதில் உடன்பாடு. காட்டுக்குள் புகுந்து வயணம் என்ற காட்டு லவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்றுவந்தவர்கள், வழக்குகளிலிருந்து வெளியே வந்து, அதே காட்டில் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். குமுளிப் பெண்கள் வசந்த சேனை என்ற பெயரில் கூலி வாங்காமல் காட்டில் ரோந்து போனார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இருந்தாலும் மதிப்பீட்டாளராக நீ கேட்க வேண்டியவை உண்டு. வன வழக்குகளின் எண்ணிக்கை குறைந்தால் திருட்டு குறைந்தது என்று அர்த்தமா? ரோந்து கூடினால் பிடிபடுகிறவர்கள் கூடுவார்கள், வழக்கு ஏறும். ரோந்து நின்றால் வழக்கும் நிற்கும். ஒரே எண், இரண்டு நேரெதிர் அர்த்தம். ரோந்து போன நாட்களின் கணக்கு பக்கத்தில் இல்லாமல் வழக்குக் கணக்கை வாசிக்காதே. அடுத்தது எல்லை. திட்டத்தின் வரைபடம் மாநில எல்லையில் முடிகிறது, விறகுக்கும் வேட்டைக்கும் போகிறவரின் கால் அங்கே முடிவதில்லை. மேற்கே காவல் இறுகினால், அந்த நெருக்கடி கிழக்குச் சரிவுக்கு, மேகமலைப் பக்கம், நகர்ந்ததா? ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்ததே 2021-ல். திட்டம் நடந்த எட்டு வருஷமும் இந்தப் பக்கம் அந்தக் காவல் கிடையாது. ஆகவே இந்தச் சரிவை ‘திட்டம் வராத இடம்’ என்று எடுத்து ஒப்பிட்டால், பெரியாறு இருப்பதைவிட நன்றாகத் தெரியக்கூடும், ஏனென்றால் அதன் சுமையின் ஒரு பங்கை இது வாங்கியிருக்கலாம். ஒப்பிட எடுக்கும் இடம் திட்டத்தால் தொடப்படாத இடமாக இருக்க வேண்டும். மிக அருகில் இருக்கும் இடத்தை எடுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அங்கேதான் கவனம் வேண்டும்.

பொருத்தம், ஒத்திசைவு, விளைவு, செயல்திறன், தாக்கம், நீடிப்பு என்று நிதி கொடுக்கும் நாடுகள் ஆறு அளவுகோல் வைத்திருப்பதை அலுவலகத்தில் முதல் வாரமே சொல்லியிருப்பார்கள். கடைசி ஒன்றுக்குப் போராடு. ஜப்பான் கடனில் 1997-ல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் போன்றவற்றில், திட்டம் முடிந்து சில ஆண்டுகள் கழித்து மறுபடி வந்து பார்க்கும் வழக்கம் ஜப்பானியரிடம் உண்டு. பெரும்பாலான இடங்களில் பணம் தீர்ந்ததோடு கணக்கும் தீர்ந்துவிடும். மழைக்காலத்தில் எண்ணிய கன்றுகளை அடுத்த மே மாதம் எண்ண ஒருவர் வேண்டும். அந்தச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்.

வரைவு அறிக்கை அனுப்பியதும் திருத்தங்கள் வரும். திட்டத்துக்குப் பிறகு விளைச்சல் கூடியது என்று நீ எழுதியிருப்பாய். திட்டத்தால் கூடியது என்று மாற்றச் சொல்வார்கள். மரியாதையாகவே கேட்பார்கள், அடுத்த வேலையும் அவர்கள் கையில்தான் இருக்கும். மாற்றாதே. மாற்றாமல் இருக்க உனக்குத் துணை வேண்டுமென்றால், தரவைத் திறப்பதற்கு முன்பே, எந்த எண் வந்தால் வெற்றி என்பேன், எந்த எண் வந்தால் இல்லை என்பேன் என்று தேதி போட்டு எழுதி, மேலாளருக்கும் நிதி கொடுத்தவருக்கும் அனுப்பிவிடு. பிறகு வாக்குவாதம் உனக்கும் அவர்களுக்கும் இடையில் இருக்காது; அவர்கள் ஒப்புக்கொண்ட காகிதத்தோடு இருக்கும். மூலத் தரவையும் நீ எழுதிய நிரலையும் இன்னொருவர் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி ஒழுங்காக வை. பலன் இல்லை என்று வந்தாலும் அதே அளவு பக்கம் எழுது, அதே அக்கறையோடு எழுது. பலன் இல்லாத இடத்தில் மேலும் பணம் கொட்டினால், பலன் கிடைத்திருக்கக்கூடிய இன்னொரு பள்ளத்தாக்குக்கு அது போகாமல் நிற்கிறது.

கடைசியாக, கணக்கெடுப்பில் உனக்குப் பதில் சொன்ன குடும்பங்களுக்கு அறிக்கை போய்ச் சேர வேண்டும். வேலை விட்டு உட்கார்ந்து நாற்பது கேள்விக்குப் பதில் சொன்ன பெண்ணுக்கு, தன் பதில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. இரண்டு பக்கம் போதும், அவர்கள் மொழியில். மொழிபெயர்ப்புக்கும், அச்சுக்கும், ஊரில் ஒரு நாள் கூட்டம் போட்டு வாசித்துக் காட்டுவதற்கும் தனி வரி போட்டு, இந்த ஆப்பிரிக்க மதிப்பீட்டின் பட்ஜெட் கையெழுத்தாவதற்கு முன்பே சேர்த்துவிடு. பிறகு கேட்டால் பணம் இல்லை என்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்