லண்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது: உங்கள் அகதி வழக்கில் மாறியது என்ன, மாறாதது என்ன?



லாச்சப்பல் பக்கம் வரும் புதிய ஆட்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணை, லண்டன் இப்ப யூனியனில இல்லைத்தானே. அங்க போனா இங்க குடுத்த கைரேகை தெரியவராதாம். திருப்பி அனுப்பவும் ஏலாதாம். உண்மையோ?"

இதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பிச் சிலர் இங்கே பதிந்த கேசையும் விட்டு, கையில் இருந்த காசையும் ஏஜென்சிக்குக் கொடுத்துக் கலே கடற்கரைக்குப் போகிறார்கள். அதனால்தான் இதை ஒரு பாடமாகவே எழுதுகிறோம். "அரசியல் எங்களுக்கு என்னத்துக்கு" என்று தள்ளி வைக்காமல் ஒருமுறை முழுவதும் வாசியுங்கள். அறையில் உள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. நடந்தது என்ன?

பிரித்தானியா 1973 ஜனவரி 1 ஆம் திகதி அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. அதுதான் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஆனது. இருப்பதா, போவதா என்ற விவாதம் சேர்ந்த நாளில் இருந்தே நடந்தது. 1975 இல் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் "இருப்போம்" என்றார்கள்.

2016 யூன் 23 இல் பிரதமர் டேவிட் கமரூன் மறுபடியும் வாக்கெடுப்பு வைத்தார். விலகுவோம் என்று 51.9 வீதமும், இருப்போம் என்று 48.1 வீதமும் விழுந்தது. லண்டன் நகரத்தை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 60 வீதம் இருப்போம் என்றுதான் சொன்னது. ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் அப்படித்தான். கமரூன் பதவி விலகினார். அடுத்து வந்த தெரேசா மே கொண்டுவந்த உடன்பாட்டைப் பாராளுமன்றம் 2019 இல் 3 தடவை தோற்கடித்தது. கடைசியில் பொரிஸ் ஜோன்சன் காலத்தில், 2020 ஜனவரி 31 இல் பிரித்தானியா வெளியேறியது. பழைய சட்டங்கள் இடைக்காலமாக 2020 டிசம்பர் 31 வரை ஓடின. அகதி வழக்கு உள்ளவர்களுக்கு இந்த டிசம்பர் 31 தான் முக்கியமான திகதி.

2. எதைப் பற்றி வாதாடினார்கள்?

விலகுவோம் என்றவர்கள் மூன்று விஷயத்தைச் சொன்னார்கள். எங்கட சட்டத்தை எங்கட பாராளுமன்றம்தான் எழுதவேண்டும். புறுசெல்சுக்குக் கொடுக்கும் காசு எங்களுக்கே இருக்கட்டும். வெளியாட்கள் வருவதை நாங்களே தீர்மானிக்கவேண்டும். இருப்போம் என்றவர்கள் வியாபாரத்தையும் வேலையையும் காட்டி, வெளியே போனால் நட்டம் என்றார்கள்.

வாக்கெடுப்புக்கு ஒரு கிழமைக்கு முதல் நைஜல் ஃபராஜ் ஒரு பெரிய விளம்பரப் பலகையைத் திறந்து வைத்தார். நீண்ட வரிசையில் அகதிகள் நடந்து வரும் படம். அந்தப் படம் 2015 இல் குரோஷியா - ஸ்லோவேனியா எல்லையில் எடுத்தது. அந்த மக்கள் நின்ற இடத்துக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் பல நாடுகள் இருந்தன. ஒன்றியத்தின் சுதந்திரமான போக்குவரத்து உரிமை அந்த நாடுகளின் பிரசைகளுக்கு உரியது. அகதித் தஞ்சம் வேறு சட்டம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசினார்கள். இன்றைக்கு லாச்சப்பலில் வரும் குழப்பமும் அதே மாதிரிக் குழப்பம்தான்.

எங்கட ஆட்களுக்கு நடந்த வேடிக்கை ஒன்று. பிரெஞ்சுப் பிரசாவுரிமை எடுத்துவிட்டு லண்டனில் குடியேறிய தமிழர் பலர். அவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு முறையான விசாவில் அங்கே இருந்த தமிழருக்கு வாக்கு இருந்தது. இலங்கை பொதுநலவாய நாடு என்பதே காரணம். ஒரே வீட்டில் இருந்த அண்ணன் தம்பியில் ஒருவர் வாக்குப் போடலாம், மற்றவர் போட ஏலாது. யாருடைய குடியிருப்பு உரிமை கேள்விக்குறியானதோ அவருக்குத்தான் வாக்கு இல்லாமல் போனது. அவர்கள் 2021 யூன் 30 க்கு முன் புதிய பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது.

3. மூன்று வீடு, மூன்று திறப்பு

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுதான். "ஐரோப்பா" என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் வேறு வேறு அமைப்புகள்.

முதலாவது, ஐரோப்பிய ஒன்றியம். இதன் தலைமை புறுசெல்சில். இன்று 27 நாடுகள். டப்ளின் சட்டமும், கைரேகை வைத்திருக்கும் யூரோடக் கணினியும் இதற்குச் சொந்தமானவை.

இரண்டாவது, ஐரோப்பா கவுன்சில். 1949 இல் தொடங்கியது, ஸ்ராஸ்பூர்க் நகரில் உள்ளது. 46 நாடுகள். மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய சாசனமும் நீதிமன்றமும் இதனுடையவை. அந்தச் சாசனத்தின் 3 ஆம் பிரிவு, யாரையும் சித்திரவதைக்கு உட்படுத்தக்கூடாது என்கிறது. சித்திரவதை நடக்கும் இடத்துக்குத் திருப்பி அனுப்புவதும் இதில் அடங்கும் என்று நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, 1951 இன் ஜெனீவா அகதிகள் சாசனம். இது ஐக்கிய நாடுகள் சபை வழியாக வந்தது. யார் அகதி என்ற வரைவிலக்கணம் இதில்தான் இருக்கிறது. ஒப்ரா உங்கள் கதையை முதலில் இதை வைத்துத்தான் அளக்கிறது.

ஏன் ஆட்கள் குழம்புகிறார்கள்? முதல் இரண்டுக்கும் ஒரே கொடி: நீல நிறத்தில் 12 நட்சத்திரம். போதாததுக்கு ஒன்றியத்தின் பாராளுமன்றமும் ஸ்ராஸ்பூர்க்கில் கூடுகிறது.

பிரித்தானியா வெளியேறியது முதலாவது வீட்டில் இருந்து மட்டும். மற்ற இரண்டிலும் அது தொடர்ந்து இருந்தது. இதற்கு நல்ல உதாரணம் ருவாண்டாத் திட்டம். தஞ்சம் கேட்டவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று பிரித்தானியா 2022 ஏப்ரலில் அறிவித்தது. 2022 யூன் 14 இல் முதல் விமானம் புறப்பட இருந்த இரவில் ஸ்ராஸ்பூர்க் நீதிமன்றம் தலையிட்டது. விமானம் ஏறவில்லை. ஒன்றியத்தை விட்டு 2 வருடத்துக்கு மேலாகியும் அந்த நீதிமன்றத்தின் சொல் அங்கே செல்லுபடியானது. பிறகு 2023 நவம்பரில் பிரித்தானியாவின் உயர் நீதிமன்றமே திட்டம் சட்டவிரோதம் என்றது. 2024 இல் வந்த புதிய அரசாங்கம் அதைக் கைவிட்டது.

4. மாறியது என்ன?

அ. 2021 ஜனவரி 1 இல் இருந்து பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையில் டப்ளின் சட்டம் இல்லை. யூரோடக் கணினியையும் பிரித்தானியா திறந்து பார்க்க முடியாது. நீங்கள் கேள்விப்பட்ட பாதி உண்மை இதுதான்.

ஆ. முன்பு லண்டனில் கேட்டு நிராகரிக்கப்பட்டு இங்கே வந்தவர்களை, டப்ளின் படி லண்டனுக்கே திருப்பும் வழி இருந்தது. அது இப்போது இல்லை. அப்படியானவர்கள் அங்கே கேஸ் போட்டதை ஒப்ராவிடம் மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு தெரியவந்தால் முழுக் கதையிலும் நம்பிக்கை போய்விடும்.

இ. லண்டனில் தாய் தகப்பன் அல்லது சகோதரம் உள்ள, தனியாக வந்த சிறுவர்கள் டப்ளின் மூலம் சட்டப்படி அங்கே போய்ச் சேரும் வழி இருந்தது. அந்த வழியும் மூடிவிட்டது. இந்த விலகலில் எங்கட பிள்ளைகளுக்கு வந்த பெரிய நட்டம் இது.

5. "திருப்பி அனுப்ப ஏலாது" என்பது ஏன் பிழை?

ஒன்று. 2021 இல் இருந்து பிரித்தானியா தன் சொந்தச் சட்டத்தை மாற்றிவிட்டது. பாதுகாப்பான நாட்டின் ஊடாக வந்தவரின் கேசை எடுத்துப் பார்க்காமலே தள்ளி வைக்க அதில் இடம் உண்டு.

இரண்டு. ஒன்றியம் இல்லாவிட்டாலும் இரண்டு நாடுகள் தங்களுக்குள் கையெழுத்துப் போடலாம். கலேயில் பிரித்தானிய அதிகாரிகள் நின்று சோதிப்பதே 2003 இல் இரண்டு நாடுகளும் செய்த உடன்பாட்டினால்தான். 2025 ஓகஸ்ட் 6 இல் இன்னொன்று நடைமுறைக்கு வந்தது. சிறிய படகில் போனவர்களைப் பிடித்துப் பிரான்சுக்கு அனுப்புவது, அதே அளவு ஆட்களைப் பிரான்சில் இருந்து சட்டப்படி எடுப்பது என்ற திட்டம். 2026 யூன் வரைக்குமான பரீட்சார்த்தத் திட்டமாக அதை எழுதினார்கள். 2025 செப்டெம்பரிலேயே முதல் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்று. கடல். 2021 நவம்பர் 24 இல் கலேக்கு அப்பால் ஒரே படகில் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். ஏஜென்சிக்காரன் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டான்.

நான்கு. நீங்கள் போய்விட்டால் இங்கே உங்கள் கேஸ் சும்மா காத்துக்கொண்டு நிற்காது. ஒப்ரா நேர்முகத்துக்கு வரச்சொல்லும் கடிதம் வரும், நீங்கள் இல்லை; ஒப்ரா கோப்பை மூடலாம். உதவிப் பணமும் தங்குமிடமும் நிற்கலாம். திருப்பி அனுப்பப்பட்டு வந்த பிறகு மறுபடி திறப்பது லேசான வேலை அல்ல.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "ஒன்றியத்தில் இல்லாத நாட்டில் டப்ளின் இல்லை" என்று சிலர் நினைத்து சுவிசுக்கும் நோர்வேக்கும் போகிறார்கள். அந்த இரண்டும் ஒன்றியத்தில் இல்லைத்தான். ஆனால் தனி உடன்பாடு செய்து டப்ளினில் சேர்ந்திருக்கின்றன. கைரேகை அங்கே தெரியும்.

6. ஸ்ராஸ்பூர்க்கையும் விடுவோம் என்ற பேச்சு

பிரித்தானியாவில் விவாதம் இப்போது இரண்டாவது வீட்டுக்கு வந்திருக்கிறது. மனித உரிமைச் சாசனத்தை விட்டு விலகுவோம் என்று ஃபராஜின் கட்சி சொல்கிறது. 2025 ஒக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவி கெமி பேடனொக்கும் அதையே அறிவித்தார். இது எங்களுக்குத் தூரத்துச் செய்தி அல்ல. அந்த நீதிமன்றத்தில் தமிழர் வழக்குகள் பல நடந்திருக்கின்றன.

1991 இல் 5 தமிழர் பிரித்தானியாவுக்கு எதிராகப் போட்ட வழக்கில் தோற்றார்கள். 2008 யூலையில் இன்னொரு தமிழர் பிரித்தானியாவுக்கு எதிராக வென்றார். தமிழர் என்ற காரணத்தால் மட்டும் எல்லோருக்கும் ஆபத்து என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இவர் முன்பு பலதடவை பிடிபட்டது, உடம்பில் உள்ள தழும்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இவருக்கு ஆபத்து என்றது. 2013 செப்டெம்பரில் ஒரு தமிழர் பிரான்சுக்கு எதிராக வென்றார். அவரிடம் எரிகாயங்களை விபரித்த மருத்துவச் சான்றிதழ் இருந்தது. அந்தக் காயம் எப்படி வந்தது என்ற சந்தேகத்தை அதிகாரிகள் தீர்க்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இந்த இரண்டு வெற்றியிலும் உங்களுக்குப் பாடம் இருக்கிறது. "எங்கட நாட்டில பிரச்சினை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. உங்களுக்கு என்ன நடந்தது, எப்போது, எங்கே, அதற்கு என்ன சான்று என்பதே கேஸ்.

7. பிரான்சும் விலகுமா?

இப்படியும் கேட்கிறார்கள். பிரெஞ்சு மக்கள் 1992 இல் 51 வீதத்தால் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு ஆம் என்றார்கள். 2005 மே 29 இல் ஐரோப்பிய அரசியலமைப்புக்கு ஏறத்தாழ 55 வீதம் இல்லை என்றார்கள். 2017 இல் மரீன் லு பென் விலகல் வாக்கெடுப்பு வைப்பதாகச் சொல்லி மக்ரோனிடம் தோற்றார். 2022 தேர்தலில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இங்கே இப்போது நடப்பது வெளியே போவதா என்பதை விட, குடிவரவு விஷயத்தில் ஐரோப்பிய நீதிமன்றங்களின் சொல்லைக் கேட்கவேண்டுமா என்ற விவாதம். ஒன்றியத்தின் சார்பில் பிரித்தானியாவோடு விலகலைப் பேசி முடித்த மிஷேல் பார்னியே கூட 2021 இல் அந்த நீதிமன்றங்களிடம் இருந்து சட்ட இறைமையை மீட்கவேண்டும் என்றார்.

தேர்தல் மேடையில் ஒருவர் சொன்னது அடுத்த நாளே சட்டமாகிவிடாது. தொலைக்காட்சியைப் பார்த்துப் பயந்து முடிவெடுக்காதீர்கள்.

8. நீங்கள் செய்யவேண்டியது

- பிரிபெக்சரில் தந்த பத்திரத்தைப் பாருங்கள். அதில் "டப்ளின்" என்று எழுதியிருந்தால் உடனே ஆலோசனைக்கு வாருங்கள்.
- அனுப்பும் முடிவுக் கடிதம் கையில் கிடைத்தால் நாட்களை எண்ணுங்கள். எதிர்த்து வழக்குப் போட மிகக் குறைந்த நாட்களே உண்டு.
- கூப்பிட்ட திகதிக்குப் போகாமல் விட்டால் "தலைமறைவு" என்று பதிவார்கள். 2013 ஆம் ஆண்டின் டப்ளின் சட்டத்தில் 6 மாதக் காலம் 18 மாதமாக நீளும். 2026 யூலை 1 ஐத் தொடக்கத் திகதியாகக் கொண்ட புதிய சட்டத்தில் அது 3 வருடம் வரை போகலாம்.
- காயம், தழும்பு இருந்தால் இப்போதே மருத்துவரிடம் காட்டி எழுத்தில் எடுங்கள்.
- விலாசம் மாறினால் ஒப்ராவுக்கு எழுதி அறிவியுங்கள்.
- லண்டனில் மனைவி, பிள்ளைகள் இருந்தால் சட்டப்படி சேர வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். படகு கடைசி வழி கூட அல்ல.

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதால் இங்கே உங்களுக்கு இருக்கும் உரிமை எதுவும் குறையவில்லை. நீங்கள் கேசை விட்டு விலகினால்தான் அது குறையும். சந்தேகம் இருந்தால் கடையடியில் கேட்க வேண்டாம். வந்த கடிதத்தை உறையோடு எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். உறையில் உள்ள திகதியும் தேவைப்படும்.