உப்பு எங்கே போகிறது?

கச்சிராயபாளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் உனக்கு உதவிப் பொறியாளர் வேலை வந்திருப்பதையும், முதல் ஊராகத் திருப்பூரைப் போட்டிருப்பதையும் உன் அம்மா போனில் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கை நகத்தில் சாயக் கறையோடு இருபத்தாறு வருஷம் நான் கழித்த ஊர் அது. அங்கே நீ அரசாங்க ஜீப்பில் போய் இறங்கப் போகிறாய். ஆசீர்வாதத்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் போனில் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி.

உன் படிப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் பட்டறையில் கற்றபடி சொல்கிறேன். பருத்தித் துணி சாயத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. தண்ணீருக்குள் துணியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் சாயம் துணிமேல் போய் உட்காரும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு ஐம்பது, அறுபது கிராம்கூடப் போடுவோம். நான் சேர்ந்த புதிதில் என் வேலையே உப்பு மூட்டையைப் பிரித்து, வின்ச் என்ற சாயத் தொட்டியில் கொட்டுவதுதான். இதில் ஒன்றைக் கவனி. சாயத்தில் பெரும்பகுதியைத் துணி எடுத்துக்கொள்ளும். உப்பில் ஒரு பொட்டைக்கூட எடுத்துக்கொள்ளாது. போட்டது அத்தனையும் அப்படியே கழிவுத் தண்ணீரில் வெளியே வரும். நிறம் பனியனோடு கப்பலேறி அமெரிக்கா போனது. உப்பு நொய்யல் ஆற்றோடு கரூருக்குப் போனது.

இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. எங்களுக்கு மட்டுமில்லை, ஊருக்கே கண்ணில் பட்டது நிறம்தான். ஆறு ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் ஊதாவாக ஓடும். பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். 1990களின் கடைசியில் அரசு மானியமும் முதலாளிகளின் பணமுமாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கினோம். வெளியே போன தண்ணீர் பார்க்க ஓரளவு தெளிவாகவே இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் உப்பு கரைந்தபடியே போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் விடும் தண்ணீரில் கரைந்த திடப்பொருள் (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. நாங்கள் விட்டது அதைப் பல மடங்கு தாண்டும். கட்டடம் கட்டினார்கள், திறப்பு விழா நடந்தது, கல்வெட்டு வைத்தார்கள். நோய் மட்டும் தீரவில்லை. அரசு முயற்சிகளில் மிக ஆபத்தானது இப்படிப்பட்ட பாதி முயற்சி என்று நினைக்கிறேன். வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியை அது எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறது.

நான் செய்த தப்பையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. அப்போது ஒரு பட்டறையில் ராத்திரி ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி நிரம்பி நின்றது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பினால் லிட்டர் கணக்கில் காசு கட்ட வேண்டும். வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் சூப்பர்வைசர், "மழை புடிச்சிருச்சு, வால்வைத் திற" என்றார். திறந்தேன். நாலு அங்குலக் குழாய். கறுப்புத் தண்ணீர் ஆவியோடு ஓடையில் விழுந்தது. மழைச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. கால்மணி நேரத்தில் தொட்டி காலி. அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, பாப்பா. வேலை முடிந்தது, டீ குடிக்கலாம் என்றுதான் தோன்றியது. அந்த ஒரு ராத்திரியோடு அது முடியவுமில்லை.

ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நொய்யலுக்குக் குறுக்கே 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை. திருப்பூருக்குக் கீழே இருக்கிறது. கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். அணையில் தேங்கி நின்றது தண்ணீரே இல்லை. எங்கள் தொட்டியில் நின்றதுதான் அங்கேயும் நின்றது. மதகைத் திறந்தால் கீழே இருக்கிறவர்கள் மூட்டைமூட்டையாகப் புகார் கொடுப்பார்கள். திறக்காவிட்டால் சுற்றியுள்ள கிணறெல்லாம் கெடும். பாசனத்துக்கென்று கட்டிய அணையைப் பார்த்து விவசாயியே பயப்பட்டான். கல்யாண வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர், எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் சேந்தி வந்து கருங்கல் திண்ணையில் ஊற்றினார். "சாப்பிட்டு வாங்க தம்பி" என்றார். பந்தி முடிந்து வந்து பார்த்தேன். தண்ணீர் காய்ந்த இடத்தில், ஈர வேட்டியை விரித்து எடுத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். நான் பிரித்துக் கொட்டிய மூட்டைதான் அது.

அந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நீ என்னைவிட நன்றாக அறிவாய். சோடியம் ஏறிய களிமண் இறுகிப்போகும், தண்ணீர் உள்ளே இறங்காது. தென்னை மட்டை காயும். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொள்ளும்.

நொய்யலைத் திருத்தக் கிளம்பியவர்கள் அதிகாரிகள் இல்லை, கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயிகள்தான். 1990களின் நடுவிலேயே அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதே சமயம் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவனே நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கெட்டுப்போன இடத்தைச் சீராக்கும் செலவும் அவனுடையதே என்ற கொள்கையை இந்தியச் சட்டத்துக்குள் ஊன்றி வைத்த தீர்ப்பு அது. அந்த வழியில் அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் பக்கத்தையும் கணக்கெடுத்தது. 68 கிராமங்கள், 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகள், ஏறக்குறைய 25 கோடி ரூபாய். தலைக்கு வகுத்துப் பார், பத்தாயிரத்தைத் தொடாது. ஒரு தென்னந்தோப்பின் விலையா இது?

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் இத்தனை பைசா என்று அபராதம் போட்டது. ஆறு பைசாவில் தொடங்கி பத்து பைசா வரை. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்று கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28ஆம் தேதி, சாயப்பட்டறை, சலவைப்பட்டறை, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாவற்றையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்த வாரம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சேலம் போகும் பஸ்ஸெல்லாம் நம் ஜில்லாப் பையன்கள். சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன் மலைக்காரர்கள். என் கூட வின்ச்சில் நின்ற வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, நாம தப்பு பண்ணலையே, ஏன் நம்மள அனுப்புறாங்க?" என்று கேட்டான். வால்வு திறந்த கை என்னுடையது. அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல? கரூர் விவசாயிக்கு நியாயம் கிடைத்த அதே நாளில் மலைப் பையனுக்குச் சோறு போயிற்று. இரண்டும் உண்மை. சீல் வைக்கும் பேப்பரில் கையெழுத்துப் போடும் நாள் உனக்கும் வரும். போட வேண்டியதாக இருந்தால் போடு, தயங்காதே. ஆனால் அந்த வாசலில் பெட்டியோடு நிற்கிறவனைப் பார்த்துவிட்டுப் போடு. முதலாளிக்கு இன்னொரு தொழில் இருக்கும்.

மூடிய பிறகுதான் காரியம் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேறி எழுந்தன. நான் அப்படி ஒன்றில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முதலில் நுண்ணுயிர்த் தொட்டி, பிறகு வடிகட்டி, பிறகு ஆர்.ஓ. அதில் நல்ல தண்ணீர் பிரிந்து பட்டறைக்கே திரும்பிப் போகும். மிச்சம் நிற்கும் கெட்டியான உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். அருள்புரம் நிலையத்தில் அந்த உப்புத் தண்ணீரைத் தெளியவைத்து, திரும்பவும் சாயம் போடவே அனுப்பும் முறை வந்தது. ஊரெல்லாம் சேர்த்தால் நாளுக்கு ஒன்பது கோடி லிட்டர் அளவுக்கு வரும் கழிவு. அதில் பெரும்பங்கு சுற்றிச்சுற்றி அதே குழாயில் ஓடுவதை முதன்முதலில் பார்த்தபோது, கோயிலில் தீபாராதனை பார்த்ததுபோல் நின்றேன். மிகையாகச் சொல்லவில்லை. இந்த அளவில் ஒரு தொழில் நகரமே இப்படி மாறியது இந்தியாவுக்கு முன்மாதிரி. இதைச் செய்து காட்டிய ஊர் என்ற மரியாதையோடு திருப்பூருக்குள் போ.

ஆனால் எவாப்பரேட்டரின் அடியில் வந்து விழும் உப்பைப் பார். ஒரு பங்கு சுத்தமாக, வெள்ளை மணலாக வரும். அது திரும்பப் பட்டறைக்குப் போகும். இன்னொரு பங்கு எதற்கும் உதவாத கலப்பு உப்பு. பழுப்பாக, ஈரம் கசிந்து, நாறும். அதை மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்குவோம். ஆற்றில் போகவில்லை, சரி. ஷெட் ஒழுகினால்? கூரை தகரம் பறந்த ஒரு ஐப்பசி மாதத்தில் ராத்திரி முழுக்கத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாய்லரில் எரிவது விறகு. அந்த விறகு எந்தத் தோப்பிலிருந்து வருகிறது? புகை எங்கே போகிறது? சுத்தம் செய்வது என்றால் அழுக்கை இல்லாமல் செய்வது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அழுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எந்த இடத்துக்கு என்று கேட்பதற்குத்தான் அரசாங்கம் உனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

அதற்குச் சில வழிகள் சொல்கிறேன். ஆய்வுக்குப் போனால் ஆர்.ஓ. ஓடுகிறதா என்று கேட்காதே. நீ வரும்போது ஓடும். எவாப்பரேட்டரின் கரண்ட் மீட்டரைப் பார், போன மாதத்தோடு ஒட்டிப் பார். விறகு வாங்கிய பில்லைக் கேள். பட்டறை எத்தனை டன் உப்பு வாங்கியது, நிலையம் எத்தனை டன் மீட்டது, ஷெட்டில் எத்தனை மூட்டை, மூன்றையும் கூட்டிக் கழி. கணக்கு இடித்தால் அந்த உப்பு மண்ணுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். மழை பிடிக்கும் ராத்திரியில் போ. ஆன்லைன் மீட்டர் சென்னைக்குத் தகவல் அனுப்பும், ஆனால் குழாய்க்குப் பக்கவாட்டில் இன்னொரு குழாய் இருந்தால் மீட்டருக்குத் தெரியாது. அது ஆபரேட்டருக்குத் தெரியும். அவனிடம் "நீ, வா, போ" என்று பேசாதே. அண்ணா என்று கூப்பிடு, டீ வாங்கிக் கொடு, அவன் பிள்ளை என்ன படிக்கிறது என்று கேள். என்னிடம் ஒரு அதிகாரி அப்படிக் கேட்டிருந்தால், வால்வு விஷயத்தை நானே சொல்லியிருப்பேனோ என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

மாதம் ஒருமுறையாவது ஆற்றுக்குக் கீழே போ. உன் ஆபீசில் அது யார் எல்லை என்று பேச்சு வரும். பரவாயில்லை. ஒரத்துப்பாளையத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீர், கரூர் ஜில்லாவில் நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்தில் ஒரு பாட்டில். உன் வேலைக்கு மார்க் போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதும்போது நம் ஊரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ், புதுக் கட்டடங்கள், தொழிற்சாலை வரும் என்ற பேச்சு. வரட்டும், நம் பிள்ளைகள் எத்தனை நாள் சேலம் பஸ் ஏறுவது? ஆனால் கேட்க வேண்டியதை முதல் நாளே கேட்க வேண்டும். எந்தச் சரக்கு எங்கே போகிறது என்று கணக்கு கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால் 2024 ஜூனில் கருணாபுரம் பக்கம் சாராயப் பாக்கெட்டில் வந்தது. அறுபதுக்கும் மேல் உயிர் போயிற்று. நீ அப்போது ஹாஸ்டலிலிருந்து வந்து என்னோடு அந்தத் தெருவில் நின்றாய், நினைவிருக்கும்.

மலையில் விளையும் குச்சிக்கிழங்கு சமவெளியில் ஜவ்வரிசி ஆலைக்கு வருகிறது. ஆலைக் கழிவுத் தண்ணீரின் புளிச்ச நாற்றமும் திப்பி காயும் நாற்றமும் உனக்குச் சின்ன வயசிலேயே பழக்கம். அதே கழிவுத் தண்ணீரை மூடிய தொட்டியில் போட்டு எரிவாயு எடுத்து, அதில் மோட்டார் ஓட்டும் ஆலைகள் சேலம் பக்கம் இருக்கின்றன. நாற்றமும் குறையும், கரண்ட் செலவும் குறையும். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். கோமுகி நம் மலையில் பிறந்து, அணையில் நின்று, கள்ளக்குறிச்சியைக் கடந்து மணிமுக்தாவோடு சேர்ந்து வெள்ளாற்றுக்குப் போகிறது. திருப்பூருக்குக் கரூர் எப்படியோ, நமக்கு ஆற்றுக்குக் கீழே இருக்கிறவர்கள் அப்படி.

சனிக்கிழமை திருப்பூருக்குப் பகல் பஸ்ஸிலேயே போ, உன் அம்மா சொன்னதுபோல் ராத்திரிப் பஸ் வேண்டாம். இந்தக் கடிதத்தோடு வரும் பையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கிறேன், பேனா அளவுதான், நான் கடைசி வருஷம் சொந்தக் காசில் வாங்கியது. பட்டன் கொஞ்சம் அழுத்தமாக அழுத்த வேண்டும். ஆபீசில் நல்ல மீட்டர் கொடுப்பார்கள், இருந்தாலும் இது உன்னிடம் இருக்கட்டும். பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா. கோமுகி அணை மதகடியில் ஒன்று, டவுன் பாலத்துக்கு மேலே ஒன்று, பாலத்துக்குக் கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் பார்த்துவிடலாம். வண்டிக்குப் பெட்ரோல் நான் போட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா