கண்ணாடியில் படிந்த யாழ்ப்பாணத்துக் கல்



நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்வந்த நம்ம தோட்டத்து ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்தில் நின்ற நாலு நாளும் தூசி போகக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றி, வண்டியை வெயிலிலேயே காயவிட்டிருக்கிறார். ஊருக்கு வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி.

"ஐயா, மூணு தடவை சோப்பு போட்டும் போகல்ல. ராத்திரியில எதிர்ல லொறி லைட் அடிச்சா ரோடே தெரியல்ல" என்றார்.

லீசிங் கட்டி முடியாத வண்டி. காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும் அதே வண்டிதான். கம்பி நாரால் தேய்க்கப் போவதாகச் சொன்னார். நல்லவேளை, தேய்ப்பதற்கு முன் வந்தார்.

அது அழுக்கு அல்ல, கல். யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் நிலத்துக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையில் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறார்கள். காங்கேசன்துறை ஆலையில் 1990 வரை சீமெந்து செய்ததும் அந்தக் கல்லைத் தோண்டித்தான். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு இறங்குவதால் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வாளியில் பார்த்தால் தெளிவாகவே இருக்கும். வெயிலில் தண்ணீர் ஆவியானதும், துளி நின்ற இடத்தில் சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடும். அங்கே கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதும் இதுவே. நம்ம பீலித் தண்ணீர் வேறு வகைப் பாறையில் ஓடி வருவதால் அதில் சுண்ணாம்பு குறைவு. (நம்ம தேயிலையை அங்கே ஊற்றினால் நிறம் மங்கி, மேலே ஒரு படலம் மிதக்கும். அதற்கும் தண்ணீர்தான் காரணம், தேயிலையைக் குறை சொல்லாதீங்க!)

சுண்ணாம்பைச் சோப்பு கரைக்காது, புளிப்பு கரைக்கும். கடையில் விற்கும் நிறமில்லாத வினாகிரி போதும்.

வண்டியை நிழலில் நிறுத்திச் சூடு ஆற விடுங்க. முதலில் மண்ணையும் தூசியையும் தண்ணீர் ஊற்றி அகற்ற வேண்டும். மண்ணோடு துடைத்தால் கீறல் விழும். பிறகு வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பழைய பருத்தித் துணியை அதில் நனைத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்க. ஐந்து நிமிடம் காயாமல் இருக்க வேண்டும். மெதுவாகத் துடைத்து, நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்க. போகாவிட்டால் இன்னொரு தடவை. அப்படியும் கண்ணாடியில் மிஞ்சினால், ஈரத் துணியில் கொஞ்சம் பற்பசை எடுத்துத் தேய்க்கலாம். பெயின்டில் பற்பசை வேண்டாம்.

"வினாகிரி போட்டா பெயின்ட் போயிடுமா ஐயா?" என்றும் தம்பி கேட்டார். பெயின்டில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்துக்கு மேல் விடாதீங்க. முதலில் மறைவான மூலையில் போட்டுப் பாருங்க. துரு ஏறிய இடத்திலும் வெறும் உலோகத்திலும் படக்கூடாது. தேசிக்காய்ச் சாறும் வேலை செய்யும், ஆனால் வடித்து எடுக்காவிட்டால் சக்கை ஒட்டும்.

கக்கூஸ் கழுவும் அசிட்டை எடுக்கவே வேண்டாம். அது உலோகத்தையும் அரிக்கும், கையையும் கண்ணையும் கெடுக்கும். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தோடு வினாகிரியைக் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். இரண்டு போத்தலையும் பிள்ளைகளுக்கு எட்டாமல் தள்ளித் தள்ளி வையுங்க.

அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போகிறவர்கள் இரண்டு உலர்ந்த துணி கொண்டுபோங்க. வெயில் ஏறுமுன் ஒரு வாளித் தண்ணீரில் கழுவி, துளி காயுமுன் துடைத்துவிட்டால் புள்ளியே விழாது. அங்கே அந்த மாதத்தில் கிணற்றுத் தண்ணீரும் அருமை.

தம்பியின் கண்ணாடி இரண்டாம் தடவையில் தெளிந்துவிட்டது. முன்பக்கப் பெயின்டில் மூன்று புள்ளி மட்டும் நகத்துக்குக் குழியாகத் தட்டுப்படுகிறது. அது பெயின்டை அரித்த தடம், வினாகிரிக்கு மசியாது. கராஜில் பொலிஷ் போடலாம். அது பெயின்டை இன்னும் மெல்லியதாக்கும் என்பதால், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.